பார்த்தால் அடையாளம் காட்டுவேன்

என் அத்தை கெங்கம்மாள் ஒரு முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள் என்று எங்கள் சனத்தில் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாருடைய முகத்தை என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாக்கியசாமி ஐந்து மாதம் ஜெயிலில் கிடந்திருக்க மாட்டான். பாருங்கள், 'மாட்டான்' என்று எழுதிவிட்டேன். என்னைவிட ஐந்து வயது மூத்த ஆள். கிடந்திருக்க மாட்டார்.

என் பெயர் சீனுவாசன். திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸில் வருவது சில்லறை. பிழைப்பெல்லாம் மனு எழுதுவதில்தான். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, அடிதடி, திருட்டு என்று எதற்கும் என்னிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கும். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன், பெயரை மாற்றினால் போதும்.

முதலில் அத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் எங்கள் ஊர். அத்தைக்கு அங்கே ஐந்து காணி நிலம், இரண்டு போர்வெல், வயது அறுபத்தொன்று. மாமா துரைக்கண்ணு வாயைத் திறந்து பேசியதை நான் நாலைந்து முறைதான் கேட்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து அத்தையே பேசிவிடுவாள்.

திண்டிவனத்தில் எந்த மண்டபத்தில் எங்கள் சனத்துக் கல்யாணம் நடந்தாலும் சந்தனமும் கல்கண்டும் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்து நாற்காலி அத்தைக்குத்தான். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவளைப் பார்த்ததும் எழுந்துவிடுவார்கள். உள்ளே வருகிறவர் எந்த வீட்டு ஆள் என்று பெண்ணைப் பெற்றவர் காதில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. "பச்ச சட்ட போட்டுக்கினு வர்றானே, அவன் மயிலத்துக்காரி சின்ன மவன். அவங்கப்பன் சாவுக்கு நீ போவல. ஜல்தியா போய்க் கையப் புடி" என்பாள். பெண்ணைப் பெற்றவர் ஓடிப்போய்ப் பிடிப்பார். அன்றைக்கு ஒரு பகை தீரும்.

மூக்கைப் பார்த்து ஊரைச் சொல்வாள். தாடையைப் பார்த்துத் தாய்வழிப் பாட்டன் பெயரைச் சொல்வாள். பம்பாய்க்கு ஓடிப்போன மணவாளன் இருபத்திரண்டு வருடம் கழித்து, முடியெல்லாம் கொட்டி, தாடி வளர்த்து, தன் தாயின் கருமாதிக்கு வந்து பந்தலுக்கு வெளியே நின்றான். கூடப் பிறந்த அண்ணனே சோற்றுக்கு வந்த பரதேசி என்று நினைத்து இலை போடச் சொன்னான். அத்தைதான் அவன் காதைப் பார்த்துவிட்டு, "ஏன்டா மணவாளா, இப்பத்தான் உனக்கு வழி தெரிஞ்சிதா?" என்று கேட்டாள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்துப் போயிற்று.

இதே அத்தையைக் கழனியில் பார்க்க வேண்டும். நடவு, களை, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று எல்லாவற்றுக்கும் ஆட்கள் மாதா கோயில் தெருவிலிருந்துதான் வருவார்கள். ஊருக்கும் அந்தத் தெருவுக்கும் நடுவில் ஒரு ஏரி. இருபது வருடமாக அதே வீட்டு ஆட்கள்தான் வருகிறார்கள். அத்தை வாயில் அந்தத் தெரு ஆண்கள் அத்தனை பேரும் அந்தோணி, பெண்கள் அத்தனை பேரும் மேரி. "ஏ அந்தோணி" என்று கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் வருவார். அந்தத் தெருவில் உண்மையாகவே அந்தப் பெயருள்ள ஒரே ஆள் ஆன்டனி. அவர் எப்போதோ ஆரோவில் வேலைக்கென்று குயிலாப்பாளையம் போய்விட்டார். எங்கள் கழனியில் கால் வைத்ததே இல்லை.

அவர்களுக்கு எங்களைத் தெரியும். ஆட்களைக் கூட்டி வருகிற லூர்துமேரி அக்கா என் வண்டிச் சத்தத்தை வைத்தே, "சீனு சார் வர்றாரு, வண்டிக்கு ஆயில் மாத்தல போலக்குது" என்பார். எங்கள் வீட்டில் யாருக்கு எந்த முழங்கால் வலி, எந்த மருமகள் எவரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

அத்தை கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பொழுது சாய்வதற்குள் கூலியைக் கையில் கொடுத்துவிடுவாள். மோரில் தண்ணீர் அதிகம் சேர்க்க மாட்டாள். ஒருமுறை களை எடுக்கிற பெண்ணைப் பாம்பு கடித்தபோது தன் புடவையைக் கிழித்துக் கட்டி, காரில் தானே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் கூடவே இருந்தாள். மூன்றாம் நாள் அந்தப் பெண் கும்பிட வந்தபோது, "நீ எந்த மேரி?" என்று கேட்டாள். இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

போன ஆவணிப் பௌர்ணமிக்கு அத்தை திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் நடக்கும்போது மணி ஆறரை. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பின்னாலிருந்து ஒரு கறுப்பு பைக், அதில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் தாலிச் செயினைப் பிடித்து இழுத்தான். ஏழு பவுன். அத்தை கழுத்து அறுபட்டு, ரோட்டோரத்தில் கருவேல முள்ளில் விழுந்தாள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அந்த ஒரு நொடிதான் அவள் அந்த முகத்தைப் பார்த்தது.

மறுநாள் காலை கழுத்தில் கட்டோடு என் கடைக்கு வந்தாள். புகாரை நான்தான் எழுதினேன்.

"ஆளு எப்புடி இருந்தான் அத்தே?"

"எப்புடி இருப்பான்? கறுப்பா, ஒல்லியா, சுருட்ட முடி. அந்தத் தெரு பசங்களாட்டம்."

"வயசு?"

"இன்னாமோ முப்பது நாப்பது வையி."

நான் தட்டினேன். கருத்த நிறம், மெலிந்த தேகம், சுருட்டை முடி, சுமார் முப்பது முதல் நாற்பது வயது. கடைசி வரியை அத்தையிடம் கேட்கக்கூட இல்லை. எல்லாத் திருட்டுப் புகாரிலும் வருகிற வரி அது, கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது: 'மேற்படி நபரை மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்.' இருநூறு பேருக்காவது அந்த வரியைப் போட்டிருப்பேன். அத்தை படித்துப் பார்த்துவிட்டு, "பின்ன, காட்டாம வுட்டுருவனா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

நான்காம் நாள் பாக்கியசாமியைப் பிடித்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல மாட்டேன். நான் மனு எழுதிப் பிழைக்கிறவன். வாகனச் சோதனையில் நின்றார். கறுப்பு பைக், மச்சானுடையது, கையில் ஆர்.சி. இல்லை. நிறம் கறுப்பு, உடம்பு ஒல்லி, முடி சுருட்டை. என் காகிதத்தில் எழுதியிருந்த எல்லாம் அவரிடம் இருந்தன. அந்தத் தெருவில் இன்னும் முப்பது பேரிடமும் இருந்தன.

ஒன்பது நாள் கழித்து விழுப்புரம் ஜெயிலில் அடையாள அணிவகுப்பு வைத்தார்கள். அத்தையை என் காரில் நான்தான் கூட்டிப் போனேன். மாஜிஸ்திரேட் முன்னால் ஒரே மாதிரி இருக்கிற ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள். சாட்சி நடந்து போய் ஆளைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு இடம் மாற்றி, சட்டை மாற்றி இன்னும் இரண்டு முறை. என்னை உள்ளே விடவில்லை. ஒரு மணி நேரம் வேப்ப மரத்தடியில் நின்றேன். அத்தை வெளியே வரும்போது அவள் முகத்தில் கல்யாண மண்டபத்து நாற்காலியில் இருக்கிற பொலிவு இருந்தது.

"மூணு தடவடா சீனு! மூணு தடவயும் அதே ஆள தொட்டேன். ஜட்ஜம்மா அசந்து போய்ட்டாங்க."

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு நடந்ததைச் சொன்னாள். "நான் உள்ள போறேன், ஒருத்தன் என்னப் பாத்து சிரிக்கிறான்டா. என் கழுத்த அறுத்துட்டு சிரிக்கிறான், எம்மாந் திமிரு இருக்கணும்! மத்தவன் ஒருத்தனயும் எனக்குத் தெரியல. இவன மட்டும் நான் பாத்திருக்கேன். சாமி சத்தியமா பாத்திருக்கேன். அவன் இன்னாவோ சொல்ல வந்தான், பேசக்கூடாதுன்னு அதட்டி வுட்டுட்டாங்க."

விக்கிரவாண்டி தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்குக் காபியும் வடையும் வாங்கிக் கொடுத்தாள். வடை நன்றாகத்தான் இருந்தது, இரண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் பேப்பரில் பாக்கியசாமி படத்தோடு செய்தி வந்தது. அதற்கு மறுநாள், சனிக்கிழமை, நான் அத்தை வீட்டில் இருந்தபோது ஒரு பெண் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். நாற்பது வயது இருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"யாரும்மா நீ?" என்றாள் அத்தை.

"இருதயசெல்விங்கம்மா. பாக்கியசாமி சம்சாரம்."

"எந்தப் பாக்கியசாமி?"

"நீங்க ஜெயில்ல தொட்டுக் காட்டினீங்களே, அவருங்க."

அத்தை மிரண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் அழவில்லை. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் போல நிறுத்தாமல் சொன்னார்.

"ஒம்போது வருசமா அவரு உங்க கழனியிலதாம்மா வேல செய்றாரு. போன சித்திரையில மல்லாட்ட மூட்டய வண்டியில ஏத்துனது அவருதாங்க. கெணத்து மேட்டுல நீங்க வழுக்கி வுழுந்தப்ப தூக்குனதும் அவருதான். நானுந்தாம்மா உங்களுக்குக் களை எடுக்கறேன். மனு போட்டுப் பாக்கப் போனப்ப சொன்னாரு, உங்களப் பாத்ததும் உசுரு வந்துச்சாம். நம்ம அம்மா வந்துட்டாங்க, இவன் நம்ம ஆளு, எங்கிட்ட வேல செய்றவன்னு சொல்லி வுடச் சொல்லிடுவாங்கன்னு நெனச்சாராம். அந்த சந்தோசத்துலதாம்மா சிரிச்சிட்டாரு. நீங்க வந்து தொட்டப்பகூட கூட்டிக்கினு போவத்தான் தொடுறீங்கன்னு நெனச்சாராம்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "பொண்ணு சகாய பிரியாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்மா. கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாவது ஓலை. மாப்புள வூட்டுக்காரங்க இத்தினி நாளு பொறுத்துக்கினு இருந்தாங்க, தப்பாப் புடிச்சிருப்பாங்க வந்துருவாருன்னு. நேத்து பேப்பர பாத்துட்டுப் போன் பண்ணி நிறுத்தச் சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்மா" என்றார்.

அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் படிப்பார்கள். தடை இருந்தால் தெரிந்தவர்கள் சொல்லலாம். அதைத்தான் ஓலை என்பது.

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். அத்தை தலையில் அடித்துக்கொள்வாள், ஐயோ நம்ம ஆளா என்பாள், கையோடு காரை எடுக்கச் சொல்வாள் என்று சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அத்தை எழுந்தாள்.

"அதான பாத்தேன்!" என்றாள். "மூஞ்சி அம்மாம் பழக்கமா இருக்குதே, எப்புடின்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல எனக்கு. ஒம்போது வருசமா என் கழுத்தயே பாத்துக்கினு இருந்திருக்கான். நான் எந்த பௌர்ணமிக்குப் போறேன், எந்த பஸ்ஸுல வர்றேன், எல்லாம் தெரிஞ்சிருக்கான். என் சோத்தத் துன்னுட்டு என் தாலிய அறுத்திருக்கான்!"

இருதயசெல்வி கொண்டு வந்த ஒரே சாட்சி அந்த ஒன்பது வருடம்தான். அதையும் அத்தை பிடுங்கிக்கொண்டாள்.

"டேய் சீனு, இதையும் எழுதி ஸ்டேஷன்ல குடுடா."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். 'மேற்படி நபர் எனது நிலத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கூலி வேலை செய்து, எனது நடமாட்டத்தை நன்கு அறிந்தவர்' என்று அழகாக எழுதினேன். அத்தை கேட்டாள், எழுதினேன். இதற்குமேல் என்னிடம் சமாதானம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அந்த இரண்டு பக்கத்தைக் காட்டி, பாக்கியசாமியை விசாரணைக்கென்று மறுபடி ஜெயிலிலிருந்து வெளியே எடுத்தார்கள். செயின் எங்கே என்று கேட்டார்கள். இல்லாத செயினை எங்கிருந்து கொடுப்பார்? இரண்டு நாள் கேட்டார்கள். திருப்பி அனுப்பும்போது மேல்வரிசை முன்பல் இரண்டும் அவர் வாயில் இல்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று ஒரு காகிதம் இருந்தது. அதை நான் எழுதவில்லை. எழுதச் சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு வாசகம் என்னிடம் இருந்திருக்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் ஜெசிந்தா என்ற வக்கீல் என் கடைக்கு வந்தார். இலவச சட்ட உதவியில் பாக்கியசாமிக்காக ஆஜராகிறவர், விழுப்புரத்துக்காரர். என் இரண்டு பக்கத்தின் நகலை மேசையில் வைத்தார்.

"இது உங்க கைவண்ணந்தானே சார்?"

நான் தலையாட்டினேன்.

"உங்க அத்தை பொய் சொல்லலங்க. அதான் பேஜாரே. பாத்த மூஞ்சிதான். எங்கியோ பாத்திருக்கோம்னு மனசு சொல்லிடும், எங்கேன்னு சொல்லாது. ஜெயில்ல பாத்ததும் திருடன்னு ஒட்டிக்கிச்சு. அவங்க சொந்தக்காரப் பையனா இருந்தா இப்புடி ஆயிருக்குமா? இந்தாளு அவங்க கழனியில வேல செஞ்சவரு, அதனால பழகின மூஞ்சின்னு நீங்க ஒரு வாக்குமூலம் குடுங்க. அப்புறம் ஜாமீன் ஆர்டர் ஆயிடுச்சு, சொந்த வீட்டுப் பத்திரத்தோட ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். அந்தத் தெருவுல யாருக்கும் பட்டா கிடையாது. ஒருத்தர் நான் புடிச்சிட்டேன். இன்னொருத்தர் நீங்க வரணும்."

எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, பத்திரம் என் பெயரில் இருக்கிறது.

"யோசிச்சு சொல்றேன் மேடம்" என்றேன்.

அவர் மூன்று முறை போன் செய்தார். இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தை என்ன சொல்வாள், சனம் என்ன சொல்லும் என்று யோசித்தேன். அடுத்த கல்யாணத்தில் சந்தன மேசையைத் தாண்டும்போது என்னைத் தெரியாதவன் போல அத்தை பார்ப்பாளே என்று பயந்தேன். உண்மை அதுதான். கடையிலிருந்து பார்த்தால் கோர்ட் வராந்தா தெரியும். வாய்தாவுக்கு அவரைக் கூட்டி வந்தபோது இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் கடைக்குள் போய் பேப்பர் கட்டு பிரித்தேன்.

பொங்கல் கழிந்து செங்கல்பட்டுப் பக்கம் வேறொரு வழக்கில் இரண்டு பையன்கள் மாட்டினார்கள். செய்த வேலையெல்லாம் வரிசையாகச் சொன்னதில் அத்தையின் செயினும் வந்தது. அடகில் இருந்த தாலியைக்கூட மீட்டுவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து இழுத்தவன் போட்டோ என் போனுக்கு வந்தது. நல்ல சிவப்பு, படிய வாரின கோரை முடி, இருபத்துமூன்று வயது, என்ஜினியரிங் பாதியில் விட்டவன்.

ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"இந்த மூக்கு வந்தவாசி பெரிய வூட்டு மூக்கால்ல இருக்குது. அந்தப் பெரியம்மா மவ வயித்துப் பேரன்டா இவன். இவங்க அக்கா கல்யாணத்துல ரசம் ஊத்திக்கினு வந்தான். இவனுக்கு இன்னா?"

நம்பமாட்டீர்கள், அத்தனையும் சரி. விசாரித்துப் பார்த்தேன். அந்த வீட்டுப் பேரன்தான், அந்தக் கல்யாணத்தில் ரசம் ஊற்றியவன்தான்.

"அத்தே, உன் செயின அறுத்தவன் இவன்தான்."

"சீ, வாய மூடு. நல்ல குடும்பம்டா அது. போலீஸ்காரன் அடிச்சா எவனும் எதையும் ஒத்துக்குவான்."

"அன்னிக்கி ரோட்டுல நீ பாத்தது இவனத்தான் அத்தே."

"இவனா இருந்தா எனக்குத் தெரியாதாடா?" என்றாள்.

தெரிந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமல் போகாது. ஆனால் முள்ளில் விழுந்து கிடந்தபோது அவள் பார்த்தது ஒரு திருடனை. திருடன் என்றதும் அவளிடம் தயாராக ஒரு முகம் இருந்தது, என் கம்ப்யூட்டரில் வாசகம் இருப்பது போல.

மாசியில் பாக்கியசாமியை விட்டார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளைக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. சகாய பிரியா ஒரகடத்தில் ஏதோ கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அத்தைக்குச் செயின் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் அவள் சொல்கிற கதையும் மாறிவிட்டது. வந்தவாசிப் பையன் கதையில் இல்லவே இல்லை. ஜெயிலில் மூன்று முறை தொட்டாள், திருடன் மாட்டினான், செயின் கிடைத்தது. வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் கழுத்துத் தழும்பைக் காட்டி இப்படித்தான் சொன்னாள்.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்க ஆள் பேச லூர்துமேரி அக்கா கடைக்கு வந்தார். போகும்போது வாசலில் நின்று, "பாக்கியசாமியயும் கூட்டிக்கினு வர்றேன் சார். உங்களுக்குச் சொல்லிடணும்னு தோணிச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க அத்தை கழனிக்கா? வேற எடமே கெடைக்கலியா?"

"எங்க கெடைக்குது? ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்னு சுத்துப்பட்டுல ஒருத்தரும் சேக்க மாட்டேன்றாங்க. பேப்பர்ல மூஞ்சி வந்துடுச்சில்ல. உங்க அத்த கழனி ஒண்ணுதான் பாக்கி. அவங்களுக்குத்தான் எங்கள்ல யாரு யாருன்னு தெரியாதே."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. விவரம் சொன்னார்.

மல்லாட்டை பிடுங்குகிற அன்று காலை நானும் கழனிக்குப் போனேன். பாக்கியசாமியைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்றுகூட வண்டியில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன். பெண்கள் புங்க மர நிழலில் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஆறு ஆண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் செம்மண்.

வரப்பில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். பேப்பரில் படம் பார்த்தவன் நான். கோர்ட் வராந்தாவில் இரண்டு முறை பார்த்தவன். ஒன்பது வருடமாக இதே கழனிக்கு வந்து போகிறவன். அந்த ஆறு பேரில் பாக்கியசாமி யார் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். லூர்துமேரி அக்காவைக் கேட்கலாம். எந்த வாயால் கேட்பது? யாராவது சிரித்தால் பல் காட்டிக் கொடுத்துவிடும் என்று காத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு அத்தை மோர்க்குடத்தோடு வந்தாள். எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். மோரை ஊற்றிக்கொண்டே கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"செயின் வந்துடுச்சு, பாத்தீங்களா? என் கண்ணுக்குத் தப்புவானா அவன்? எத்தினி பேரோட கலந்து நிக்க வச்சாங்க தெரியுமா? ஓடிப்போய் தொட்டேன். என்னப் பாத்து பல்ல வேற இளிக்கிறான் திருட்டு நாயி. அவன் மூஞ்சிய நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

பெண்களில் ஒருவர் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தார். அவர்தான் இருதயசெல்வியா? அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஆண்கள் ஆறு பேரும் மோரைக் குடித்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏ அந்தோணி, அந்த மூட்டையத் தூக்கி வண்டியில வையி" என்றாள் அத்தை யாரையும் பார்க்காமல்.

ஓரத்தில் இருந்த ஒருவர் எழுந்தார். மூட்டையைக் குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டு வரப்பில் வந்தார். நான் வழியை மறித்து நின்றுகொண்டிருந்தேன்.

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார். மேல்வரிசையில் நடுவில் இரண்டு பல் இல்லை.

தள்ளிக்கொண்டேன். அவர் மூட்டையை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அத்தைக்கு முன்னால் நின்றார். "வேற இன்னாங்கம்மா?" என்றார். நேராக அவள் முகத்தைப் பார்த்து நின்றார். அத்தையும் பார்த்தாள்.

"அவ்ளோதான், போ" என்றாள்.

அவர் போய்க் குனிந்து செடி பிடுங்க ஆரம்பித்தார். அத்தை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"டேய் சீனு, இந்த ஆள எங்கியோ பாத்த மாதிரியே இருக்குதுடா. நல்லா தெரிஞ்ச மூஞ்சி. எங்கேன்னுதான் வரமாட்டேங்குது. எதுக்கும் இவன் மேல ஒரு கண்ணு வச்சிக்க."

"சரி அத்தே" என்றேன்.